எளாவூரிலிருந்து ‘படகோட்டி’: பிடித்த பழைய படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது

பத்திரிகை அலுவலகங்களுக்கு வரும் பழைய படக் கட்டுரைகளில் முக்கால்வாசி முதல் பத்தியிலேயே தீர்ந்துபோகின்றன. “காலத்தை வென்ற காவியம்”, “கேட்கக் கேட்கத் திகட்டாத பாடல்கள்”, “மக்கள் மனதில் நீங்கா இடம்” என்று மூன்று வரி. மீதிப் பக்கம் முழுக்கக் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும். எழுதியவருக்கு அந்தப் படம் என்றால் உயிர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிரியம் எதனால் வந்தது என்பது படிக்கிறவருக்குத் தெரியாமலே போகிறது. உதவி ஆசிரியர் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கட்டுரையை எடுக்கிறார்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு படத்தையும் ஓர் ஊரையும் எடுத்துக்கொள்வோம். படம், 1964 தீபாவளிக்கு வந்த ‘படகோட்டி’. ஊர், எளாவூர். சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. லாரிக்காரர்களுக்கு அங்குள்ள சோதனைச் சாவடியால் தெரிந்த ஊர். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம், நொச்சிக்குப்பம் என்று பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் வந்துவிடும். நீங்கள் எளாவூர்க்காரர், உங்களுக்குப் ‘படகோட்டி’ பிடிக்கும், ஒரு வார இதழுக்கோ தீபாவளி மலருக்கோ எழுத நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி இல்லாமல் உட்காராதீர்கள்

எம்.ஜி.ஆர். மாணிக்கமாகவும் சரோஜாதேவி முத்தழகியாகவும் நடித்த படம். தயாரிப்பு ஜி.என். வேலுமணி, இயக்கம் டி. பிரகாஷ் ராவ், வசனம் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, பாடல்கள் அத்தனையும் வாலி. இதெல்லாம் தேவையான விவரங்கள். ஆனால் கையில் போன் உள்ள எவரும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடக்கூடியவை. கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் எழுதினாலும் இதே விவரங்கள்தான் வரும். எளாவூரில் இருப்பவர் மட்டுமே எழுதக்கூடியது எது என்று யோசிக்க வேண்டும்.

‘படகோட்டி’யின் முதுகெலும்பு இரண்டு மீனவக் குப்பங்களின் பகை. அந்தப் பகையில் ஆதாயம் பார்க்கும் பணக்காரன் ஒருவன். பகை நடுவே ஒரு காதல். இப்போது பழவேற்காட்டைப் பாருங்கள். அங்கே குப்பங்கள் ஒரே தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்டு பல தலைமுறையாகப் பிழைக்கின்றன. அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடங்களை வகுத்துக்கொள்வார்கள். உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமாகச் சிக்காது. இன்று இங்கே சுத்து வலை இறக்கியவர் முறைப்படி அடுத்த இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்றும் இந்த முறைக்குப் பேர்போனவை. வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட வந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டு போன ஏற்பாடு இது.

இப்போது உங்கள் கேள்வி கிடைத்துவிட்டது. அடித்துக்கொள்ளாமல் இருக்கச் சீட்டுப் போட்டுத் தண்ணீரைப் பிரித்துக்கொண்ட மக்கள், இரண்டு குப்பங்கள் அடித்துக்கொள்ளும் கதையை எப்படிப் பார்த்தார்கள்? இந்தக் கேள்வியோடு போனால் கட்டுரை தானாக நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. பாடு முறையைப் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. முறையில் இடமில்லாத ஊர்களின் வருத்தம் பழையது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால் இரு மாநில மீனவர்களுக்கும் எல்லைத் தகராறு அடிக்கடி வந்து கைகலப்பு வரை போயிருக்கிறது. படத்தில் உள்ள பகை ஏரிக்கு அந்நியமானது என்று எழுதினால் நொச்சிக்குப்பத்தில் ஒருவரும் ஏற்கமாட்டார்கள்.

மறுபடி பாருங்கள், இந்த முறை நோட்டுப் புத்தகத்தோடு

சிறுவயதில் பார்த்த படம் மனதில் ஒரு மாதிரி இருக்கும். இன்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். முதலில் ஒரு தடவை பேனா இல்லாமல் முழுசாகப் பாருங்கள். எங்கே கண் கலங்குகிறது, எங்கே சலிக்கிறது என்று உங்களுக்கே தெரியட்டும். அடுத்த தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். டைட்டில் கார்டுகளை ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டலுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

பிறகு ஒரு பாட்டுக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இதை நான் வலியுறுத்தியே சொல்வேன். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையும் பாடகர் டி.எம்.எஸ். குரலும் சேர்ந்தால் திரையில் என்ன நடக்கிறது என்பதே கண்ணில் படாது. சத்தம் போனதும் படகு தெரியும், தண்ணீர் தெரியும், துடுப்புப் பிடித்த கை தெரியும். அது அலையடிக்கும் கடலா, அமைதியான காயலா? அந்தத் தண்ணீரில் எந்த மாதிரிப் படகு ஓடும்? வலையைத் தொடுகிறவர் அதை எப்படித் தொடுகிறார்? ஏரிக்கரையில் வளர்ந்தவர் கண்ணுக்கு இவை உடனே பிடிபடும். நகரத்து விமர்சகருக்குப் பிடிபடாது. உங்கள் கட்டுரைக்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

எது இல்லை என்றும் பாருங்கள். பழவேற்காட்டு ஏரியில் இருளர் பெண்கள் ஓலையில் முடைந்த சிறு பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறால் ஒவ்வொன்றாக முகத்துக்கு நேரே இருக்கும் அந்தப் பறிக்குள் போகும். வலையும் இல்லை, படகும் இல்லை. அந்தப் பெண்கள் தண்ணீரில் நிற்கும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு, திரையில் முத்தழகி தண்ணீருக்குப் பக்கத்தில் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். இது படத்தைக் குறை சொல்வதற்காக இல்லை. சினிமா எந்த உழைப்பைக் காட்டத் தேர்ந்தெடுக்கிறது என்று எழுத உங்களிடம் ஒரு பத்தி சேர்ந்துவிடும்.

ஆண்டு, தேதி, பெயர்

பிரியமான படம் என்பதாலேயே அதைச் சுற்றிக் கதைகள் முளைத்திருக்கும். வாலியின் பாட்டைக் கண்ணதாசன் கணக்கில் எழுதுவது மேடைப் பேச்சிலும் அச்சிலும் சாதாரணமாக நடக்கிறது. ‘படகோட்டி’ அதற்கு அதிகம் பலியான படம். இதைச் சரியாக எழுதுவது மரியாதைக்காக மட்டுமில்லை. வாலி பாட்டெழுதிய ‘கற்பகம்’ (1963) வந்து ஓராண்டிலேயே ஒரு எம்.ஜி.ஆர். படத்தின் முழுப் பாடல்களும் வாலி கைக்கு வந்துவிட்டன என்பது தமிழ்த் திரைப்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். பெயரை மாற்றி எழுதினால் அந்தத் திருப்பமே காணாமல் போகும்.

படம் வெளியான நாள் 3 நவம்பர் 1964. இந்தத் தேதியைச் சும்மா எழுதிவிட்டுப் போகாதீர்கள். அதைச் சுற்றி என்ன இருந்தது என்று பாருங்கள். அதே தீபாவளிக்குச் சிவாஜியின் ‘நவராத்திரி’யும் ‘முரடன் முத்து’வும் வந்தன. அந்த ஒரே ஆண்டில் எம்.ஜி.ஆருக்கு ஏழு படங்கள். ‘வேட்டைக்காரன்’ பொங்கலுக்கு, ‘தாயின் மடியில்’ டிசம்பரில். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இணைந்திருந்ததும் அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ முடிந்து பிரிந்தார்கள். இயக்குநர் பிரகாஷ் ராவ் தெலுங்குக்காரர், கிருஷ்ணா மாவட்டத்தவர், ‘பல்லெட்டூரு’ (1952) எடுத்தவர். தமிழில் ‘அமரதீபம்’, ‘உத்தம புத்திரன்’ எடுத்துவிட்டுத்தான் ‘படகோட்டி’க்கு வந்தார். வீட்டுக்கு வீடு தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை ஊரிலிருந்து எழுதுகிறவர் இந்தத் தகவலை அடிக்குறிப்பில் தள்ளலாமா?

இன்னொரு தேதி. படம் வந்து சரியாக ஏழு வாரம் கழித்து, 1964 டிசம்பர் 22 இரவு, புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பயணிகள் ரயிலை அலை கொண்டுபோனது. கடலுக்குப் போன மீனவனின் வாழ்வைத் துயரமாகச் சொல்லும் இந்தப் படத்தின் பாட்டு ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் ஒலித்துக்கொண்டிருந்த பருவம் அது. அந்த டிசம்பரின் நாளிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். சினிமா விளம்பரமும் புயல் செய்தியும் ஒரே தாளில் கிடக்கும். இரண்டையும் நீங்களே முடிச்சுப் போட்டுத் தத்துவம் பேச வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

எங்கே தேடுவது? சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள், சினிமா இதழ்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் ஓர் இடத்தில் அறுந்து, மீதியைத் திரையில் காணச் சொல்லும். எந்த இடத்தில் அறுத்தார்கள் என்பதே அந்தக் காலத்தில் படத்தை எப்படி விற்றார்கள் என்று காட்டிவிடும். கன்னிமாரா நூலகம் எழும்பூரில்; எளாவூர்க்காரர் புறநகர் ரயிலில் வந்து ஒரே நாளில் வேலை முடித்துத் திரும்பிவிடலாம். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ வெளியீட்டு விவரங்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய நூல். இதழ்களில் ‘பேசும் படம்’ அந்தக் காலத்தில் வந்துகொண்டிருந்தது. ‘பொம்மை’யைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது 1966-இல்தான் தொடங்கியது. புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதும் இதே 1964-இல்தான். அதற்கு முந்தைய தமிழ்ப் படங்கள் ஏராளமாகத் தொலைந்துபோனதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம்.

“இந்தப் படம் எங்க ஊர்லதான் எடுத்தாங்க” என்று கடலோரத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஸ்டில், பேட்டி, அந்தக் கால இதழ்ச் செய்தி என்று ஏதாவது ஓர் ஆதாரம் இல்லாமல் இதை அச்சேற்றக் கூடாது. ஊர்ப் பெருமைக்காக ஒரு வரி சேர்த்தால் பத்து வருஷம் கழித்து அதையே ஆதாரமாகக் காட்டி இன்னொருவர் எழுதுவார்.

‘செம்மீன்’ ஞாபகமும் வந்தே தீரும். ராமு காரியாட் இயக்கி 1965-இல் வந்த அந்த மலையாளப் படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கியது. தென்னிந்தியப் படத்துக்கு அது முதல்முறை. ஒப்பிடலாம். ஆனால் ‘செம்மீன்’ கலை, ‘படகோட்டி’ வெறும் வணிகம் என்று இரண்டு பெட்டியில் போட்டு மூடாதீர்கள். ‘செம்மீன்’ கடலம்மையைப் பற்றிய நம்பிக்கையைச் சுற்றி நகர்கிறது. பிடித்த மீனால் கடைசியில் யார் பிழைக்கிறார்கள் என்ற கேள்வியை ‘படகோட்டி’ சாமானியனுக்குப் புரிகிற மாதிரி உரக்கக் கேட்டது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அவர் சொன்ன விலைக்கே மீனைப் போட வேண்டியிருந்த குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

ஆட்களிடம் போவது

கட்டுரையின் உயிர் இங்கே இருக்கிறது. மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் போய் போனை நீட்டாதீர்கள். தொழில் முடிந்து, நிழலில் உட்கார்ந்து வலை பொத்தும் நேரம் பாருங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தாராளமாகப் பேசும். வயதில் பெரியவரை ‘அய்யா’ என்றோ ‘பெரியப்பா’ என்றோ, பாட்டிமார்களை ‘ஆயா’ என்றோ கூப்பிடுங்கள். ‘சார்’ என்று ஆரம்பித்தால் அவரும் உங்களிடம் அலுவலகத்துப் பேச்சே பேசுவார்.

“படம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “சூப்பரா இருந்துச்சு” என்று பதில் வரும். பேச்சு அங்கேயே முடிந்தது. இப்படிக் கேளுங்கள்: “யாரோட போனீங்க பெரியப்பா? நடந்தா, படகுலயா? டிக்கெட் காசு யார் குடுத்தாங்க? மறுநாள் தொழிலுக்குப் போனீங்களா?” ஆயாவிடம், “வீட்ல விட்டாங்களா? புள்ளைங்கள யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?” கொட்டகைக்கு எப்படிப் போனார்கள், மணலில் உட்கார்ந்தார்களா, பெஞ்சிலா, ரீல் மாற்றும்போது என்ன வாங்கித் தின்றார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் படமும் தானாக வந்து சேரும். பிறகு போனில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். அவர் பேசுவதைக் குறுக்கே வெட்டாதீர்கள். “துடுப்ப இப்படியா புடிப்பாங்க” என்று ஒரு வார்த்தை வந்தால் அது உங்கள் கட்டுரையின் நடுப் பத்தி. வராவிட்டால் வராததையும் எழுதலாம். தொழில்காரர் கண்ணுக்கே குறை படவில்லை என்றால் அதுவும் ஒரு செய்தி.

ஞாபகம் குழம்பும். எம்.ஜி.ஆர். மீனவராக நடித்த இன்னொரு படம் ‘மீனவ நண்பன்’, ஸ்ரீதர் இயக்கியது, 1977. இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டு. அறுபது வருஷத்துக்கு முந்தைய நினைவில் இரண்டும் ஒன்றாகிவிடும். “கூட நடிச்சது யாரு, சரோஜாதேவியா, லதாவா?” என்று கேட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் அந்த நினைவைப் ‘படகோட்டி’ கணக்கில் எழுதாதீர்கள்.

எதிர்க்குரலையும் தேடுங்கள். படம் பிடிக்காதவர், அந்தக் காலத்தில் சிவாஜி ரசிகராக இருந்தவர், எல்லைக்கு அந்தப் பக்கம் போய் என்.டி.ஆர். படமே பார்த்தவர் என்று யாராவது ஒருவர் கட்டுரையில் பேசினால்தான் மற்றவர்கள் சொல்லும் பாராட்டுக்கு எடை வரும். பெயர் போடலாமா, போட்டோ எடுக்கலாமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

எழுதுவது

ஆயிரத்து இருநூறு வார்த்தைக் கட்டுரையில் கதைச் சுருக்கத்துக்கு ஐந்து வாக்கியத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். படம் பார்த்தவருக்கு அது தேவையில்லை, பார்க்காதவருக்கு அதற்கு மேல் நினைவில் நிற்காது. தொடக்கத்தை இப்படி அமைத்துப் பாருங்கள்:

“பழவேற்காடு ஏரியில் யார் எங்கே வலை இறக்குவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். 1964 தீபாவளிக்கு வந்த ‘படகோட்டி’யில் இரண்டு மீனவக் குப்பங்கள் வெட்டிக்கொள்கின்றன. சீட்டுப் போடுகிற ஊர்க்காரர்கள் அந்தப் படத்தைத் தங்கள் படமாக வைத்துக்கொண்டது எப்படி?”

மூன்று வாக்கியம். புகழ்ச்சி ஒன்றும் இல்லை. படிக்கிறவருக்கு ஒரு கேள்வி, ஓர் இடம், ஓர் ஆண்டு கிடைத்துவிட்டது.

அரசியலைத் தொடாமல் எம்.ஜி.ஆர். படத்தைப் பற்றி எழுத முடியாது. ஆனால் காலத்தைக் கலக்காதீர்கள். 1964-இல் அவர் தி.மு.க.காரர், ஆட்சியில் காங்கிரஸ், முதலமைச்சர் பக்தவத்சலம். 1977-இல் முதலமைச்சரான எம்.ஜி.ஆரை மனதில் வைத்துக்கொண்டு ‘படகோட்டி’யின் ஒவ்வொரு வசனத்துக்கும் உள்ளர்த்தம் கண்டுபிடிப்பது சுலபம், கட்டுரைக்கு அது பலவீனம். அந்த வருஷத்தில் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதோடு நில்லுங்கள்.

பாட்டு வரிகளை மேற்கோள் காட்டும் ஆசை வரும். பத்தி பத்தியாக எடுத்துப் போடுவது கூடாது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்கு அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. வாலி மறைந்தது 2013-இல். அவர் வரிகளுக்கு 2073 முடியும் வரை காப்பு இருக்கிறது. திரைப்படத்துக்கு உள்ள காலக் கணக்கு வேறு, பாட்டுக்கு உள்ளது வேறு. விமர்சனத்துக்காக ஒன்றிரண்டு வரி எடுத்தாளச் சட்டம் இடம் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம்; வாசகருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். அது எந்த இடத்தில் வருகிறது, எந்தச் சொல்லில் டி.எம்.எஸ். குரலைத் தாழ்த்துகிறார் என்று எழுதினால் பாட்டு அவர் காதில் தானாக ஒலிக்கும்.

எழுதி முடித்ததும் ஏரிக்கரைக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். வலையின் பெயர், மீனின் பெயர், பாடு முறை இவற்றில் பிழை இருந்தால் அவர் அங்கேயே நிறுத்திச் சொல்வார். தீபாவளி மலருக்கு என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே கட்டுரை ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும். அச்சானதும் பேசியவர்கள் அனைவருக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.

வேலையை எங்கே ஆரம்பிப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால், நூலகத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். 1964-இல் இருபது வயதில் ‘படகோட்டி’ பார்த்தவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். சரோஜாதேவியும் 2025 ஜூலையில் போய்விட்டார். பாட்டுப் புத்தகம் தரமணியில் பத்திரமாக இருக்கும். நீங்கள் இந்த வாரமே ஆரம்பாக்கம் பக்கம் போய் வாருங்கள்.